கேசினோ வந்தா ஊர் தேறுமா? மாசசூசெட்ஸ் கணக்கை வச்சு பேசலாம்

கணக்குப்பிள்ளை:
கேசினோன்னு பேச்சு வந்தாலே நம்மாளுங்க ரெண்டு கோஷ்டியா பிரிஞ்சிடறாங்க, ஒரு பக்கம் வேலை வரும் வரி வரும்னு, இன்னொரு பக்கம் குடும்பம் நடுத்தெருவுக்கு வரும்னு, கடைசில யார் கையிலயும் ஒரு நம்பர் இருக்காது. நம்பர் இருக்கற ஒரு இடத்தை எடுத்துப்போம்னு தான் இந்த இழை. அமெரிக்காவுல இருக்கற மாசசூசெட்ஸ் மாநிலம்.

2011 நவம்பர்ல அப்போ கவர்னரா இருந்த டெவல் பேட்ரிக் கேசினோவை அனுமதிக்கற சட்டத்துல கையெழுத்து போட்டாரு. மாநிலத்தை மூணு ஏரியாவா பிரிச்சு ஏரியாவுக்கு ஒரு ரிசார்ட் கேசினோ (ஹோட்டலும் சேர்ந்த பெரிய கேசினோ) வரைக்கும் விடலாம், அது போக மாநிலம் முழுக்க ஒரே ஒரு ஸ்லாட் மெஷின் கூடம். கூடம் பிளெயின்வில்ல 2015 ஜூன்ல வந்துச்சு (பிளெயின்ரிட்ஜ் பார்க், அதிகபட்சம் 1,250 மெஷின்). ரிசார்ட் கேசினோல எம்ஜிஎம் ஸ்பிரிங்ஃபீல்ட் 2018 ஆகஸ்ட், எவரெட்ல என்கோர் பாஸ்டன் ஹார்பர் 2019 ஜூன். தென்கிழக்கு ஏரியாவுக்கு யாருக்கும் லைசன்ஸ் போகல.

எனக்கு இதுல பிடிச்சது அந்த சட்டத்தோட 71ஆவது பிரிவு. வருஷா வருஷம் கேசினோவால ஊருக்கு என்ன ஆகுதுன்னு ஆராய்ச்சி பண்ணியே ஆகணும்னு சட்டத்துலயே எழுதிட்டாங்க. அதனால முதல் மெஷின் ஓடறதுக்கு முன்னாடியே, 2013ல, யூமாஸ் ஆம்ஹர்ஸ்ட் (மாநில யுனிவர்சிட்டி) ஆளுங்க இறங்கிட்டாங்க. சமூகப் பக்கம் அங்க இருக்கற பப்ளிக் ஹெல்த் ஸ்கூல், பொருளாதாரப் பக்கம் யூமாஸ் டோனஹ்யூ இன்ஸ்டிட்யூட். 9,500 பேருக்கு மேல சர்வே எடுத்து, எத்தனை பேர் சூதாடறாங்க, எத்தனை பேர் அதுல மாட்டிக்கிட்டாங்க (பெரியவங்கள்ல சுமார் 2 சதவீதம்), வாடகை எவ்ளோ, லாட்டரி எவ்ளோ விக்குது, எல்லாம் முன்னாடியே அளந்து வச்சாச்சு. மத்த ஊர்ல கேசினோ வந்து பத்து வருஷம் கழிச்சு "எங்க ஊர் முன்னாடி எப்படி இருந்துச்சு தெரியுமா"ன்னு வாய்க்கு வந்ததை பேசுவாங்க, இங்க அப்படி பேச முடியாது.

தில்லாலங்கடி:
இந்த ஆராய்ச்சிக்கு காசு யாரு குடுக்கறா? கேசினோ வரி தானே? அப்புறம் ரிப்போர்ட் எப்படி இருக்கும்னு நான் சொல்லணுமா அண்ணே 😄

கணக்குப்பிள்ளை:
காசு கேசினோ வழியா வருது, ஆனா கேசினோ கையால வரலை. வரியா போய், சூதாட்டத்தை மேற்பார்வை பண்ற மாநில கேமிங் கமிஷன் மூலமா யுனிவர்சிட்டிக்கு போகுது, யாரை வச்சு பண்ணணும்னு எம்ஜிஎம் சொல்ல முடியாது. கமிஷன் கேசினோவுக்கு அடியாளான்னு கேட்டா, 2019 ஏப்ரல்ல என்கோரை நடத்தற வின் ரிசார்ட்ஸுக்கு 35 மில்லியன் டாலர் ஃபைன் போட்டவங்க அவங்க தான், நிறுவனர் ஸ்டீவ் வின் மேல வந்த பாலியல் புகார்களை கம்பெனி மூடி மறைச்சதுக்கு. லைசன்ஸ் பிடுங்கியிருக்கணும்னு நீங்க சொன்னா அதுவும் ஒரு வாதம், நான் சண்டைக்கு வரல.

சரி முக்கியமான விஷயம். கேசினோ வாசல்ல நின்னு வெளிய வர்றவங்களை பிடிச்சு கேள்வி கேக்கறாங்க, உங்க ஜிப் கோட் என்ன, இன்னைக்கு எவ்ளோ செலவு பண்ணீங்க, இங்க கேசினோ இல்லைன்னா இந்தக் காசோட வெளி மாநிலத்துக்கு போயிருப்பீங்களா இல்ல இதை வேற எதுக்கு செலவு பண்ணியிருப்பீங்க. பதிலை வச்சு காசை மூணு குவியலா பிரிக்கறாங்க. வெளி மாநிலத்துக்காரன் கொண்டு வந்த காசு, இது மாநிலத்துக்கு சுத்தமா புதுசு. அடுத்தது நம்மாளே பக்கத்து மாநிலத்துல போய் விட்டிருக்க வேண்டிய காசு இங்கயே நின்னது. மூணாவது, உள்ளூர் ஹோட்டல்லயோ சினிமாவுலயோ செலவாகியிருக்க வேண்டியது இடம் மாறி மெஷினுக்குள்ள போனது. முதல் ரெண்டு தான் லாபம், மூணாவது வெறும் கை மாத்து. அதுக்கப்புறம் தான் இதை ரெமின்னு ஒரு பொருளாதார மாடல்ல போட்டு எத்தனை வேலை, எவ்ளோ சம்பளம்னு கணக்கு எடுக்கறாங்க. இந்தப் பிரிவினை இல்லாம "கேசினோவால இத்தனை மில்லியன் வந்துச்சு"ன்னு எவன் சொன்னாலும் காதுல வாங்காதீங்க.

பிளெயின்ரிட்ஜ்ல பாதிக்கு மேல ரெண்டாவது குவியல். ஏன்னா ரோட் ஐலண்ட் எல்லை பக்கத்துலயே இருக்கு, முன்னாடி எல்லாம் அங்க தான் ஓடுவாங்க.

மதுரவீரன்77:
இந்த ரெண்டாவது குவியல் கதை நமக்கு புதுசா என்ன? தமிழ்நாட்டுல 2003ல லாட்டரிய தடை பண்ணினாங்க, எல்லைய தாண்டினா கேரளாவுல கவர்மெண்டே விக்குது, எங்க பக்கத்து ஆளுங்க அங்க போய் வாங்கறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். "எப்படியும் அங்க போய் விடறான், இங்கயே விடட்டுமே"ன்னு அப்பப்போ ஒருத்தர் கிளம்புவாரு. ஆனா எல்லை வரைக்கும் பஸ் ஏறி போறவன் எத்தனை பேர், தெருமுனைல கிடைச்சா வாங்கறவன் எத்தனை பேர்? ரெண்டும் ஒரே ஆளுங்க இல்லையே சார்.

கணக்குப்பிள்ளை:
கரெக்ட், அதனால தான் இவங்க கேசினோல வந்தவங்க கிட்ட மட்டும் கேக்காம மொத்த ஜனத்தையும் தனியா சர்வே எடுக்கறாங்க, ஒரே ஆளுங்களை பல வருஷம் தொடர்ந்து கேட்ட ஆய்வு ஒண்ணும் இருக்கு. தெருமுனைல கிடைக்கறதால புதுசா உள்ள விழுந்தவன் அதுல தெரிவான். வாசல்ல நின்னா தெரிய மாட்டான்.

பனிக்கரடி:
நான் ஸ்பிரிங்ஃபீல்ட் பக்கம் தான் இருக்கேன், நம்பர் ஒரு பக்கம் இருக்கட்டும், ஊரைப் பத்தி கொஞ்சம் சொல்றேன். 2011 ஜூன் 1ஆம் தேதி ஒரு டொர்னேடோ ஊருக்குள்ளயே புகுந்துச்சு, சவுத் எண்ட் ஏரியா நாசமாப் போச்சு, அந்த அடி வாங்கின இடத்துல தான் பின்னாடி எம்ஜிஎம் வந்தது. ஃபேக்டரி எல்லாம் போய் பல காலமா சரிஞ்சுக்கிட்டிருந்த ஊரு, 960 மில்லியன் டாலர் கொண்டு வந்து கொட்டறேன்னு ஒருத்தன் சொன்னா வேணாம்னு எந்த மேயர் சொல்லுவாரு? 2014ல சட்டத்தையே ரத்து பண்ணலாமான்னு மாநிலம் முழுக்க ஓட்டெடுப்பு நடந்துச்சு, 60 சதவீதம் பேர் இருக்கட்டும்னு சொன்னாங்க.

ஆனா சொன்னது 3,000 வேலை, அந்த அளவுக்கு நிக்கல. வருஷத்துக்கு 400 மில்லியனுக்கு மேல வருமானம்னு ஆரம்பத்துல சொன்னாங்க, முழுசா ஓடின முதல் வருஷம் 300ஐ கூட தொடல. பக்கத்து மாநிலம் கனெக்டிகட்ல ஃபாக்ஸ்வுட்ஸ், மொஹீகன் சன்னு ரெண்டு கேசினோவும் 90கள்ல இருந்து கடை போட்டு உக்காந்திருக்கு, அதை விட்டுட்டு இங்க திரும்புவாங்கன்னு நினைச்சது தான் தப்புக்கணக்கு. அப்புறம் டவுன்டவுன்ல 54 வீடு கட்டித் தர்றோம்னு ஒப்பந்தம், அது இழுத்து இழுத்து கடைசில கோர்ட் ஸ்கொயர்ல எல்ம் ஸ்ட்ரீட் 31ன்னு ஒரு பழைய ஹோட்டல் கட்டடத்தை அரசாங்கக் காசும் சேர்த்து புதுப்பிச்சு தான் முடிஞ்சுது. அந்தக் கட்டடம் இப்போ நல்லா இருக்கு, பல வருஷமா பூட்டிக் கிடந்தது. அதை கேசினோ கணக்குல எழுதறதா அரசாங்கக் கணக்குல எழுதறதான்னு எனக்குத் தெரியல, உங்க மாடல் என்ன சொல்லும் அண்ணே?

தில்லாலங்கடி:
என்கோர் மட்டும் மாசம் 60 மில்லியன் கிட்ட அள்ளுதே. பாஸ்டன் பக்கத்துல இருந்தா ஊர் தேறும், தள்ளி இருந்தா தேறாது. இதுக்கு ஆராய்ச்சி எதுக்கு.

கணக்குப்பிள்ளை:
@பனிக்கரடி மாடல்ல கட்டுமானச் செலவு யார் போட்டாங்கன்னு தனித்தனியா வரும், அரசாங்கம் போட்ட காசை கேசினோவோட சாதனையா காட்ட முடியாது. ஆனா "கேசினோ இல்லைன்னா அரசாங்கம் அந்தக் கட்டடத்தை தொட்டிருக்குமா"ங்கறதுக்கு எந்த மாடலும் பதில் சொல்லாது.

@தில்லா என்கோர் இடம் முன்னாடி மான்சான்டோ கெமிக்கல் ஃபேக்டரி இருந்த நிலம், ஆர்செனிக், ஈயம்னு மண்ணு முழுக்க விஷம், சுத்தம் பண்ணவே 68 மில்லியன் டாலர் ஆச்சு. மிஸ்டிக் ஆத்தங்கரைல இன்னைக்கு ஜனங்க நடந்து போறாங்கன்னா அதனால தான். வேற எவனும் அந்த நிலத்துக்கு அவ்ளோ செலவு பண்ணியிருப்பானான்னு யோசிங்க. நான் கேசினோ ஆதரவாளன் இல்ல, ஆனா இதையும் எழுதிக்கணும்ல.

நித்யா.ரா:
ரொம்ப நேரமா படிச்சிட்டிருக்கேன், யாருமே கலைப் பக்கம் வரல, அதனால நானே வர்றேன். கச்சேரி, நாடகம் நடக்கற தியேட்டர்களுக்கு ஷோ புக் பண்ற வேலை பார்த்தவ நான். கேசினோவால உள்ளூர் அரங்கங்களுக்கு எப்படி அடி விழும்னு வெளில இருக்கறவங்களுக்கு சட்டுனு புரியாது. டிக்கெட் போட்டியால மட்டும் இல்ல. கேசினோவுக்கு கச்சேரி ஒரு தூண்டில், டிக்கெட்ல நஷ்டம் வந்தாலும் வந்தவன் மெஷின்ல விட்டுட்டுப் போவான், அதனால ஒரு பாடகருக்கு நம்மால கனவுல கூட குடுக்க முடியாத ஃபீஸ் குடுப்பாங்க. கூடவே கான்ட்ராக்ட்ல ஒரு வரி போடுவாங்க, இத்தனை மைலுக்குள்ள இத்தனை மாசத்துக்கு வேற எங்கயும் ஷோ பண்ணக்கூடாதுன்னு. அவ்ளோ தான், சுத்துவட்டாரத்துல இருக்கற நான்-பிராஃபிட் தியேட்டருக்கு அந்த ஆள் அந்த சீசன் முழுக்க கிடைக்க மாட்டார்.

மாசசூசெட்ஸ்ல இதை முன்கூட்டியே யோசிச்சிருக்காங்க, அதை நான் பாராட்டுவேன். கேசினோ அரங்கம் கட்டினா 1,000 சீட்டுக்கு கீழ இருக்கணும், இல்ல 3,500க்கு மேல இருக்கணும். நடுவுல கட்டக் கூடாது, ஏன்னா ஊர்ல இருக்கற பழைய தியேட்டர் பாதிக்கு மேல அந்த நடு சைஸ் தான். பாதிக்கப்படற அரங்கங்களோட கேசினோ முன்னாடியே ஒப்பந்தம் போட்டுக்கணும்னும் இருக்கு. அதுக்கு மேல, ரிசார்ட் கேசினோ வரில 2 சதவீதம் மாநிலத்தோட கலை அமைப்பான மாஸ் கல்ச்சுரல் கவுன்சிலுக்கு. அதுல முக்கால்வாசி இந்த மாதிரி அரங்கங்களுக்கு, வெளியூர் கலைஞர்களுக்கு ஆகற ஃபீஸை சமாளிக்க மானியமா போகுது, மீதி கால்வாசி மத்த கலை அமைப்புகளுக்கு.

தில்லாலங்கடி:
999 சீட்டு கட்டினா?

நித்யா.ரா:
சட்டப்படி தப்பில்ல 😐 உக்கார சீட்டு இல்லாம நின்னு பாக்கற கூட்டத்தை எப்படி எண்றதுங்கறது இன்னொரு தலைவலி.

கணக்குப்பிள்ளை:
நித்யா சொன்ன 2 சதவீதத்தை டாலர்ல போட்டுப் பாருங்க, அப்ப தான் அளவு புரியும். ரிசார்ட் கேசினோ ஆட வந்தவங்க கிட்ட 100 டாலர் ஜெயிச்சா 25 டாலர் வரி. அந்த 25ல கலைக்கு 50 சென்ட். தியேட்டர்களுக்கு முப்பத்தேழரை சென்ட், மீதி பன்னண்டரை. உள்ளூர் நகராட்சிகளுக்கு உதவி நிதி 5 டாலர், ரோடு பாலத்துக்கு மூணே முக்கால், படிப்புக்கு மூன்றரை, அக்கம்பக்க ஊர்களோட பாதிப்பை சரிக்கட்ட ஒண்ணேமுக்கால் கூட இல்ல, பொதுச் சுகாதாரத்துக்கு ஒண்ணேகால். ரெண்டு ரிசார்ட்டும் சேர்ந்து வருஷத்துக்கு 1 பில்லியன் வாக்குல ஜெயிக்கறதால அந்த 50 சென்ட்டே 5 மில்லியன் கிட்ட வந்து நிக்குது. சின்ன தியேட்டருக்கு அது பெரிய காசு தான்.

பிளெயின்ரிட்ஜ்ல 49 சதவீத வரி, ஆனா அங்கேர்ந்து கலைக்கு ஒரு சென்ட் கிடையாது. சுமார் 40 நகராட்சி உதவிக்கு, சுமார் 9 குதிரைப் பந்தய நிதிக்கு.

தில்லாலங்கடி:
குதிரைக்கா???

கணக்குப்பிள்ளை:
ஆமா. ரிசார்ட் கேசினோ வரில இருந்தும் ரெண்டரை சதவீதம் குதிரைக்கு உண்டு, அதாவது நம்ம 100 டாலர் கணக்குல அறுபத்திரண்டரை சென்ட், கலையை விட ஜாஸ்தி. பாஸ்டன் பக்கத்துல சஃபோக் டவுன்ஸ்ல ஓடின பந்தயம் 2019ல நின்னே போச்சு, இப்போ பிளெயின்ரிட்ஜ்ல வண்டி கட்டி ஓட்டற பந்தயம் மட்டும் தான். சட்டம் எழுதறப்போ யார் மேஜைல உக்காந்திருந்தாங்களோ அவங்களுக்கு பங்கு.

சிலேட்டுப்பலகை:
கொலராடோல இருந்து ஒரு குறுக்கீடு, நீங்க கலைக்கு 2 சதவீதம்னு சந்தோஷப்படறீங்க, இங்க 28. 1990ல ஓட்டெடுப்பு நடத்தி பிளாக் ஹாக், சென்ட்ரல் சிட்டி, கிரிப்பிள் க்ரீக்னு மூணு பழைய தங்கச் சுரங்க ஊர்ல மட்டும் சூதாட்டம் விட்டாங்க, 1991 அக்டோபர்ல திறந்துச்சு. காரணமே பழமையைக் காப்பாத்தறது தான். வரி நிதில 28 சதவீதம் மாநில வரலாற்று நிதிக்கு, அந்தக் காசு மாநிலம் முழுக்க பழைய கட்டடங்களுக்கு போயிருக்கு, கோர்ட்டு, ஸ்கூல், சர்ச், கொட்டகைன்னு எந்த ஊருக்கு போனாலும் அந்த நிதியோட பேர் போட்ட பலகை ஒண்ணு கண்ணுல படும்.

ஆனா அந்த மூணு ஊருக்கு என்ன ஆச்சு? முன்பக்க சுவர் அப்படியே 1880 மாதிரி நிக்கும், உள்ள போனா கார்ப்பெட்டும் மெஷினும். மளிகைக் கடை, சாமான் கடை எல்லாம் வாடகை தாங்காம போச்சு. இன்னொரு கூத்து, டென்வர்ல இருந்து வர்ற ரோட்ல பிளாக் ஹாக் முதல்ல வரும், சென்ட்ரல் சிட்டி அதுக்கு ஒரு மைல் மேல. வர்றவன் முதல் ஊர்லயே நின்னுட்டான். சென்ட்ரல் சிட்டிக்காரங்க பொறுத்துப் பொறுத்துப் பார்த்து 2004ல நெடுஞ்சாலைல இருந்து தங்களுக்குன்னு தனியா ரோடே போட்டுக்கிட்டாங்க, 38 மில்லியன் டாலர், அப்பவும் பிளாக் ஹாக்கை பிடிக்க முடியல. அங்க 1878ல கட்டின ஆப்பரா ஹவுஸ் இருக்கு, 1932ல இருந்து கோடைல ஆப்பரா விழா, கேசினோ வர்றதுக்கு அறுபது வருஷம் முன்னாடியே அந்த ஊருக்கு ஆள் வந்துக்கிட்டு தான் இருந்தாங்க. யாரு யாரைக் காப்பாத்தினாங்கன்னு எனக்கு இன்னும் குழப்பம்.

நித்யா.ரா:
இது தான் நான் பயப்படறது. காசு மாநிலத்துக்கு பரவிப் போகுது, சுமை மட்டும் அந்த ஊர்லயே தங்கிடுது. ஸ்பிரிங்ஃபீல்ட்ல ஒரு நல்ல விஷயம், அங்க கேசினோ தனக்குன்னு பெரிய அரங்கம் கட்டாம சிம்ஃபனி ஹால், மாஸ்மியூச்சுவல் சென்டர்னு ஊர்ல ஏற்கனவே இருக்கற இடங்கள்ல ஷோ போடுது. அப்படி பண்ணினா ரசிகன் ரோட்ல இறங்கி நடக்கணும், நடந்தா பக்கத்து கடைல ஒரு காபியாவது குடிப்பான். நான் கேக்கற கேள்வி என்னன்னா, டோனஹ்யூ ரிப்போர்ட்ல இந்த நடந்து போறவன் எந்தக் கட்டத்துல வருவான்?

கணக்குப்பிள்ளை:
வாசல் சர்வேல கேசினோவுக்கு வெளிய எவ்ளோ செலவு பண்ணீங்கன்னு ஒரு கேள்வி உண்டு, அதுல கொஞ்சம் வருவான். கேசினோ பக்கமே போகாம ஷோ மட்டும் பார்த்துட்டு போறவன் அதுல விழ மாட்டான், அவனை தியேட்டர் தான் எண்ணணும்.

கொழும்பு_வாசி:
வணக்கம் அண்ணை, நான் கொழும்பில இருந்து எழுதுறன். இஞ்ச 2025 ஆகஸ்ட்டில சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் கேசினோ திறந்தவை, அதே காலத்தில சூதாட்டத்தை மேற்பார்வை செய்ய ஒரு அதிகாரசபைச் சட்டமும் வந்தது. எங்கட ஆக்கள் கதைக்கிறதெல்லாம் இந்தியாவில இருந்து எத்தினை பேர் வருவினம் எண்டது மட்டும்தான். நீங்கள் சொல்லுற மூண்டு குவியல் கணக்கை இஞ்ச செய்யிறதெண்டா எங்க துவங்கிறது? கேசினோ ஏற்கனவே திறந்தாச்சே.

கணக்குப்பிள்ளை:
முன்னாடி அளக்கலைன்னா முழுசா ஈடு கட்ட முடியாது தம்பி. ஆனா ஒண்ணு பண்ணலாம், மாசசூசெட்ஸ்லயும் பண்ணாங்க, கேசினோ வந்த ஊருக்கு எல்லா விதத்துலயும் கிட்டத்தட்ட ஒத்துப்போற வேற ஊர்களை எடுத்து ரெண்டு பக்கமும் வேலை, குற்றம், வாடகை எப்படி நகருதுன்னு பக்கத்துல வச்சுப் பார்க்கறது. கொழும்புக்கு ஜோடி ஊர் இலங்கைல எங்க தேடறதுங்கறது வேற பிரச்சனை.

உங்களுக்கு வேற ஒரு வசதி இருக்கு. இலங்கைக்காரங்க உள்ள போக டாலர்ல நுழைவு வரி உண்டுல்ல, அப்போ உள்ளூர் ஆள் எத்தனை பேர் எத்தனை தடவை போனாங்கன்னு வாசல்லயே பதிவாகணும். சிங்கப்பூர்லயும் 2010ல இருந்து அப்படித்தான், 100 வெள்ளி ஒரு நாளைக்கு, 2019ல 150 ஆக்கினாங்க. மாசசூசெட்ஸ்ல நுழைவு வரியே இல்ல, அதனால தான் இவ்ளோ பெரிய சர்வே எடுத்து ஊகிக்க வேண்டியிருக்கு. அந்தப் பதிவை பெயர் நீக்கி யுனிவர்சிட்டிக்கு குடுக்கணும்னு ஒரு வரி விதிமுறைல வந்துட்டா, பாதி வேலை முடிஞ்சுது.

கொழும்பு_வாசி:
அந்தப் பதிவை ஆர் வைச்சிருக்கிறது, கேசினோவோ அரசோ எண்டதை நான் முதல்ல விசாரிக்கிறன். நன்றி அண்ணை.

பனிக்கரடி:
@நித்யா மாஸ்மியூச்சுவல் சென்டர்ல ஹாக்கி நடக்கற நாள்லயும் கச்சேரி நடக்கற நாள்லயும் மெயின் ஸ்ட்ரீட் எப்படி இருக்குன்னு உங்களால சொல்ல முடியுமா? ஹாக்கி நாள்ல ஆளுங்க குடும்பத்தோட வர்றாங்க, சாப்பிடறாங்க, போறாங்க. அந்த டீம் கேசினோ வர்றதுக்கு முன்னாடியே இருக்கு. அதையும் கேசினோவால வந்த கூட்டம்னு யாராவது எண்ணிடப் போறாங்க.

நித்யா.ரா:
எண்ணுவாங்க 😄 அதுக்கு தான் தேதி வாரியா டிக்கெட் கணக்கு கேக்கணும்னு சொல்றேன். சிம்ஃபனி ஹாலுக்கு நான் கேட்டுப் பார்க்கறேன், ஹாக்கிக்கு நீங்க கேளுங்க.